ஊரெல்லாம் எழுதிய சேலை

ஐம்பதுகளில் விருதுநகரில் எனக்கு இரண்டு வேலை இருந்தது. வாரமெல்லாம் மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பழைய சாமியை வாங்கிக்கொண்டு புதுச் சாமியைக் கொடுப்பேன். முதல் வேலை சோறு போட்டது. இரண்டாவது வேலை பேர் வாங்கித் தந்தது. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், "ஏலே, சாமி மாத்துறவரு வந்திருக்காருலே" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பெரிய பட்டம் இல்லைதான். ஆனால் மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு அதுகூடக் கிடையாது. அங்கே எங்களைத் தும்மலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிப்பார்கள்.

சாமி மாற்றுவது என்றால் வேறொன்றுமில்லை. அந்தக் காலத்து வீடுகளில் பழைய சாமி படங்கள் நிறைய இருந்தன. ஜெர்மனியில் அடித்தது, பம்பாயில் அடித்தது, கல்லில் வரைந்து அச்செடுத்தது என்று கெட்டித் தாளில், எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். நாளாவட்டத்தில் புகை பிடித்து, கரையான் ஓரத்தைத் தின்று, முருகனுக்கு ஒரு கால் இல்லாமல் போயிருக்கும். அதைக் கழற்றி எறியவும் முடியாது, சாமியாயிற்றே. மரத்தடியில் வைக்க மனசு வராது, கிணற்றில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாள். இந்தச் சங்கடத்தில் அவர்கள் இருக்கும்போது நான் போய் நிற்பேன். சிவகாசியில் முந்தின நாள் அடித்து, மை வாசம்கூடப் போகாத முருகனை விரித்துக் காட்டுவேன். இரண்டு காலும் இருக்கும். கன்னத்தில் ரோஸ் இருக்கும். "பழச எடுத்துக்கிடுங்க, புதுச வச்சிட்டுப் போங்க" என்பார்கள். விலை என்ற வார்த்தையை இரண்டு பேருமே வாயில் எடுக்க மாட்டோம். நான் தெருமுனை திரும்பியதும் அவர்கள் என்னை நினைத்துச் சிரிப்பார்கள், நான் அவர்களை நினைத்துச் சிரிப்பேன். இப்படி இரண்டு தரப்பும் அடுத்தவன் ஏமாந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்ட வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு மட்டும் இதில் சந்தோஷம் இல்லை. மாற்றிக் கொண்டுவந்த படங்களை எல்லாம் உள்ளறையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். படுக்கப் பாய் விரிக்க வேண்டுமானால் இரண்டு பிள்ளையாரையும் ஒரு பட்டாபிஷேகத்தையும் நகர்த்த வேண்டும். "இம்புட்டுச் சாமி வந்து கெடக்குற வீட்டுல, ஒரு சாமியாவது உங்களுக்குப் புத்தியக் குடுக்கக் கூடாதா?" என்பாள். எல்லாச் சாமியும் மெட்ராஸ் போகக் காத்திருக்கின்றன, அதனால்தான் உள்ளூர் விவகாரத்தில் தலையிடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மெட்ராஸ் என்று நான் சொன்னது மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு பழைய படக் கடையை. கடைக்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போது நம்மைப் பார்க்காமல் நம் கையில் இருக்கும் சுருளைத்தான் பார்ப்பார். வெள்ளைக்காரர்களும் சினிமாவுக்கு செட் போடுகிறவர்களும் அவரிடம் வந்து வாங்குவார்கள். ஒரு தடவை நான் கொண்டுபோன லட்சுமியை உருட்டி ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னார்: "சாமியெல்லாம் போதும்யா. மேப் கொண்டாரும். செப்புத் தகட்டுல செதுக்கி அடிச்ச பழைய மேப். நல்லதா ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து காட்டும், தென் ஜில்லா பூராவும் உம்ம பொறுப்புன்னு மாசச் சம்பளத்துக்கே வச்சுக்கிறேன்." அன்று ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு உறக்கமே வரவில்லை. மாசச் சம்பளம்! வத்தல் மண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சட்டையில் காரநெடி இல்லாமல் சுற்றலாம். கண்ணீர் இல்லாமல் கணக்குப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது ஒரே ஒரு வரைபடம்.

அந்த ஒன்றுதான் எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. பழைய காகிதத்துக்கு அங்கே ஒரே கதிதான். கீறி, சுருட்டி, குழலாக்கி, உள்ளே மருந்தை அடைத்துத் தீபாவளிக்கு வெடித்துவிடுவார்கள். சிவகாசியில் பழைய பேப்பர் வாங்கிக் குவிக்கும் கிட்டங்கிகளில் ஏறி இறங்கினேன். ஒரு கிட்டங்கியில், ஏதோ ஜமீன் ஒழிந்தபோது வந்த வரைபடம் ஒன்றில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதி எங்கே என்று கேட்டதற்கு அந்த ஆள், "போன வாரமே குருவி வெடிக்கு லோடு போயிருச்சே" என்றார். பழைய தாளுக்கு நல்ல முறுக்கு உண்டு, சத்தம் கணீரென்று வரும் என்று பெருமையாக வேறு சொன்னார். நான் அந்த வருஷம் தீபாவளிக்கு வெடி வாங்கவில்லை.

கடைசியில் நான் தேடிய வரைபடத்தை வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பார்த்தேன். அது எனக்குக் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைத்திருந்தால் நான் இன்னும் பல வருஷம் வத்தல் மண்டியில் தும்மியிருக்க மாட்டேன்.

அது ஒரு சம்சாரி வீடு, விவசாயம்தான் பிழைப்பு. மானாவாரியாகக் கொஞ்சம் கரிசல் நிலம். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் கடன். வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு, "இங்கன ஒரு ஆத்தா படம் இருக்கு. ரொம்பப் பழசு. பாருங்க அண்ணாச்சி" என்றார். கண்ணாடி போய்ச் சட்டம் மட்டும் மிஞ்சிய பெரிய படம். புகையில் மங்கிக் கிடந்தது. மேல் மூலையில் ஒரு அம்மன். கையில் சூலம், காலடியில் சிங்கம், இன்னொரு கையில் தாம்பாளம் போல வட்டமாக ஒன்று, தலையில் கும்பாவைக் கவிழ்த்தது போல ஒரு கிரீடம். அம்மனுக்குக் கீழே மஞ்சளும் பச்சையும் ரோஸுமாகச் சேலை விரிந்து கிடந்தது. இந்த அம்மனை நான் எங்கேயும் பார்த்ததில்லையே என்று கிட்டத்தில் போய்க் குனிந்தேன். சேலை முழுக்க எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. இங்கிலீஷ் எழுத்து. சேலையின் நுனியில் கன்னியாகுமரி என்று எழுதியிருந்தது.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். அது தென்னாட்டு வரைபடம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் பூசியது. பழைய வரைபடங்களில் மூலையில் அலங்காரமாகப் படம் போடுவார்கள். இதில் போட்டிருந்தது பிரிட்டானியா. வெள்ளைக்காரனுடைய தேசத்தையே பெண்ணாக வரைந்த உருவம். சூலமும் சிங்கமும் அவளுக்கு உண்டு. தாம்பாளம் அவளுடைய கேடயம். வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டிக் கப்பலேறிப் பல வருஷம் ஆன பிறகும், அவனுடைய தேசம் எங்கள் கரிசல்காட்டில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருடைய பாட்டனுக்குப் பாட்டன் யாரோ நிலம் அளக்க வந்த ஒரு துரைக்குக் கூடாரம் சுமந்தவராம். துரை ஊருக்குக் கிளம்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "துரையே கும்பிட்ட ஆத்தா" என்றார் அவர். ஒரு வகையில் அது உண்மைதான்.

எங்கள் தொழிலில் ஒரு ஒழுக்கம் உண்டு. பிடித்த பொருளை இரண்டாம் தடவை பார்க்கக் கூடாது. ஆகவே நான் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பற்றி விசாரித்தேன். எத்தனை ஈத்து, என்ன தீனி, பால் எப்படி என்று நான் விடாமல் கேட்டதில் அவர் என்னை ஆட்டு வியாபாரியோ என்று சந்தேகப்பட ஆரம்பித்தார். அப்புறம் மெதுவாக, போகிற போக்கில் சொல்வது போல, "அந்தப் படத்துக்குப் பதிலா நல்ல புது அம்மனா கொண்டாந்து தரட்டுமா? கண்ணாடி போட்டு?" என்றேன்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. கூட ஒரு பேட்டரி லைட்டும் குடுத்தீகன்னா காட்டுக் காவலுக்கு ஆகும்" என்றார் அவர்.

அப்போது அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். மாவு அப்பிய கையை முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

"ஆத்தாள எங்கனயும் அனுப்புறதா இல்ல அண்ணாச்சி. எம்மக கம்பெனிக்குப் போறா."

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். ஒரே மகள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. காலையில் கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய இறக்கிவிடும். மருந்து அடைக்கிற அறைக்கு மூன்றாவது அறை அவளுடையது. "ஆத்தா சேலையில ஊரெல்லாம் எளுதியிருக்காம்ல? கம்பெனி இருக்க எடத்துல தெனமும் ஒரு பொட்டு வைப்பேன். லாரி சத்தம் அங்கிட்டுப் போனதும் மொத வேல அதுதான். ஆத்தா கண்ணு அங்கனயே இருக்கணும் பாருங்க" என்று சொல்லி, மாவுக் கையாலேயே இடத்தைக் காட்டினாள்.

பொட்டு மேல் பொட்டாகக் குங்குமம் காலணா அகலத்துக்குக் கெட்டிதட்டிப் போயிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அது சிவகாசி இல்லை. சிவகாசிக்குப் பக்கத்தில்கூட இல்லை. தூத்துக்குடியைத் தாண்டிக் கடலுக்குள் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கிக்கொண்டு தும்மலாக மாற்றினேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அடுத்த தடவை போனபோது கைக்கு ஒரு ஆயுதமாகப் புது அம்மனைக் கொண்டுபோனேன். சிவகாசி முழுக்கத் தேடி, சூலம், சிங்கம் இரண்டும் இருக்கிற படமாகப் பார்த்து எடுத்துக் கண்ணாடி போட்டிருந்தேன். ஜரிகையெல்லாம் மின்னியது. அந்த அம்மா அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இவ சிரிக்கா" என்றாள்.

"அம்மன் சிரிச்சா நல்லதுதான தாயி?"

"காவலுக்கு இருக்கவ சிரிச்சுக்கிட்டு இருந்தா வேல ஆகுமா? எங்க ஆத்தா மொகத்தப் பாருங்க. எம்புட்டு வெறைப்பா இருக்கா. பொறவு, இவ சேலையில ஒரு ஊரும் இல்லையே. நா எங்கன பொட்டு வைக்க?"

சிவகாசியில் எத்தனையோ அம்மன் அடிக்கிறார்கள். ஊர்ப் பேர் போட்ட சேலை கட்டிய அம்மன் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்காரருக்கு பேட்டரி லைட் போய்விடுமே என்ற கவலை வந்துவிட்டது. "நாம பேசி என்ன? பூக்கட்டிப் பாப்போம். ஆத்தாளே சொல்லட்டும்" என்றார். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் மடித்துப் போட்டு, குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொட்டலம் மடிக்கிற பொறுப்பை அவரே விழுந்தடித்துக்கொண்டு ஏற்றார். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்த அம்மா படத்துக்கு முன்னால் கைகூப்பி உரக்கச் சொன்னாள்: "செவப்பு வந்தா ஆத்தா இங்கனயே இருப்பா. வெள்ள வந்தா அண்ணாச்சி கூடப் போவா."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனது. குழந்தை எடுத்தது சிவப்பு. அந்த அம்மா கண்ணில் நீர் நிறைய விழுந்து கும்பிட்டாள். அவள் உள்ளே போனதும் நான் மற்ற பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு. சிவப்பு வந்தால் படத்தைக் கொடுக்கலாம் என்று அர்த்தம் வைப்பாள் என்று நம்பி, மனிதர் இரண்டிலும் அதையே வைத்திருக்கிறார்! ஆயுசில் ஒரே தடவை கள்ளத்தனம் பண்ணப் போய் அதையும் ஒழுங்காகப் பண்ணத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

தப்பு அவர் பக்கம் என்பதால் சைக்கிள் வரைக்கும் வழியனுப்ப வந்தார். "விடுங்க அண்ணாச்சி. அந்தப் பொட்டு வைக்க எடத்தக் காட்டினதே நாந்தான்" என்றார்.

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"தமிளே தெரியாது. மக வேலைக்குப் போன அன்னைக்கு, கம்பெனி எங்கன இருக்கு காட்டு, காட்டுன்னு உசிர எடுத்தா. எளுத்து மேல குங்குமம் வச்சா அந்த ஊரு அளிஞ்சு போயிருமேன்னு, ஒண்ணும் எளுதாத வெறும் எடமா பாத்துக் கைய வச்சேன்."

வரைபடத்தில் ஒன்றும் எழுதாத வெறும் இடம் என்றால் கடல்தானே. எந்த ஊரையும் அழிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார் மனிதர். சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றது. ஒரு யோசனை வந்துவிட்டது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். தாயி, இந்தப் பொட்டு கடலுக்குள்ள இருக்கு, இத்தனை நாளும் ஆத்தா மீனைத்தான் காவல் காத்துக்கிட்டு இருந்திருக்கா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் மேல் அவளுக்கு என்ன பற்று இருக்கும்? சிரிக்கிற அம்மனை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிடுவாள். குங்குமத்தைப் பதமாகச் சுரண்டிப் பஞ்சால் துடைத்தால் கறை பாதி போகும். கடலில் கறை இருந்தால் மவுண்ட் ரோட்டுக்காரர் கண்டுகொள்ள மாட்டார். இதில் பொய் கிடையாது, புரட்டு கிடையாது. உண்மை இவ்வளவு உபயோகமாக இருந்து என் வியாபாரத்தில் நான் பார்த்ததே இல்லை. மண்டியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, "போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு அந்தப் பொம்பள மூஞ்சிய நீங்களே நின்னு பாத்துட்டு வாங்க" என்றாள். என் வியாபாரம் தலையெடுப்பது பிடிக்காமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை நான் போனது தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒன்றில். பட்டாசுக் கம்பெனிக்கு அப்போது ஞாயிறு கிடையாது. வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. புது அம்மன், பேட்டரி லைட், உண்மை மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் சைக்கிள் பஞ்சராகி, உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. அந்த அம்மா தெருமுனையில் நின்றிருந்தாள். அவளைப் போல இன்னும் நாலைந்து பெண்கள்.

"லாரி இன்னும் வரல" என்றார் வீட்டுக்காரர். "மத்தியானம் வடக்க ஒரு சத்தம் கேட்டுச்சுங்காக. இடியாத்தான் இருக்கும்." என் கையிலிருந்த பேட்டரி லைட்டைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். அதை அவர் பிறகு திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வோம். இடியாக இருக்கும், கல் உடைக்கிற வேட்டாக இருக்கும், லாரி டயராக இருக்கும். வேறு எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. நானும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மளைதான் வருது" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது போலத் தெரிந்தது. பிறகு சட்டென்று என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "அண்ணாச்சி, நீங்க இங்கிலீசு தெரிஞ்சவுக. உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் குங்குமம் கெட்டிதட்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இவுக காட்டின எடத்துல நாம்பாட்டுக்கு வச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. பொட்டு சரியான எடத்துலதான இருக்கு?"

நான் பழகி வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துக் கொடுப்பதற்கென்றே கேட்ட மாதிரி இருந்தது கேள்வி. நான் குனிந்தேன். மேலே பிரிட்டானியா சூலத்தோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மதுரை, சாத்தூர், திருநெல்வேலி என்று வரிசையாக ஊர்கள். கோடு கோடாகக் கடற்கரை. அதற்கு அப்பால் வெறும் தாளில் அந்தச் சிவப்பு. இவ்வளவு அழகான வரைபடத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்கு அது வேண்டும் என்றுதான் அப்போதும் இருந்தது. அதில் மாற்றமே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு மனுஷனால் முடியாது.

"சரியா இருக்கு தாயி. கம்பெனி மேலயே இருக்கு" என்றேன்.

"நெசமாவா?"

"இங்கன எளுதியிருக்குல்ல" என்று இலங்கைப் பக்கமாக எதையோ காட்டினேன்.

அவள் மூச்சு விட்டாள். மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். ஒரு பொட்டு கூட வைக்க நினைத்தாள் போல. கை ஆடிய ஆட்டத்தில் குங்குமம் தரையில் கொட்டியது. சிமிழை என் பக்கம் நீட்டினாள்.

"உங்க கையால வையுங்க அண்ணாச்சி. எடம் தெரிஞ்சவுக வச்சா நல்லது."

சிமிழை வாங்கிக்கொண்டு நின்றேன். சிவகாசி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாத்தூருக்கு மேற்கே ஒரு விரற்கடை. அங்கே வைத்தால் அவள் பார்த்துவிடுவாள். இத்தனை நாளும் வைத்தது என்ன ஆச்சு என்று கேட்பாள். அதற்காக மட்டும் நான் தயங்கவில்லை. இத்தனை நாளும் அந்தப் பெண் பத்திரமாகத் திரும்பி வந்தது கடலில் வைத்த பொட்டுக்குத்தானே? வம்பு எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது. சாமியை மாற்றி மாற்றிப் பிழைத்தவன் நான், அப்படி நினைத்தேன். பெருவிரலில் குங்குமத்தை அழுத்தி எடுத்து, அவள் வைத்திருந்த அதே இடத்தில் வைத்தேன். வைத்தபோது பிரிட்டானியாவைப் பார்த்து, தாயே, அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். மனசார வேண்டிக்கொண்டேன்.

மழை வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் பேட்டரி லைட் தெரிந்தது; அதற்குப் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். லாரி ஓடைச் சகதியில் மாட்டிக்கொண்டதால் இறங்கி நடந்தே வந்திருக்கிறார்கள். மத்தியானம் கேட்டது இடிதான். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முழங்கால் வரை கரிசல் சேறு, நகக்கண்ணில் வெள்ளி போல மருந்துப் பொடி. அம்மாக்காரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி இம்புட்டு நேரம்? அறிவு இருக்கா ஒனக்கு? புதுப் பாவாடைய இப்பிடியா சேத்துல போட்டுப் பெரட்டுவ?" என்று தெருவே கேட்கத் திட்டினாள். திட்டித் தீர்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து வைத்துக் கம்மஞ்சோறு போட்டார்கள். புது அம்மனைச் சும்மாவே அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அடுப்படிச் சுவரில் மாட்டினார்கள். சிரிக்கிறவள் அங்கே இருந்தால் போதும் என்று அந்த அம்மா இடம் ஒதுக்கியிருந்தாள்.

மழை விட்டதும் கிளம்பினேன். பஞ்சரான சைக்கிளைச் சேற்றில் தள்ள அந்தப் பெண்ணும் தெருமுனை வரை வந்து பின்னால் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து குரல் எட்டாத தூரம் வந்ததும் கேட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பொட்டு பெருசா இருக்கே. நீங்களா வச்சீக?"

"ஆமா தாயி."

"கடலுக்குள்ளயா வச்சீக?"

நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அவள் சிரித்தாள்.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். பூகோளப் படத்துல கடல் எதுன்னு தெரியாதா? வேலைக்குப் போன மொத வாரமே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் உங்க அம்மாகிட்டச் சொல்லல?"

அவள் சைக்கிள் மட்கார்டில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்துத் தரையில் உதறினாள்.

"சொன்னா நாளைக்கு அம்மா என்னைய லாரியில ஏத்தி விட மாட்டாகளே அண்ணாச்சி. சீசன் நேரம்."